விரல் தெரியாத பிள்ளைகள்

என் சின்னம்மா குணமணிக்கு எழுபத்தொரு வயது. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் தனியாக இருக்கிறார். கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் கிளார்க் வேலை பார்த்தவர். அதற்கும் முன்னால், இருபத்துநான்கு வயதில், சிராங்கூன் சாலை அச்சகம் ஒன்று போட்ட சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் படம் வரைந்தார். எழுதியவர் பெயரைப் போட்டார்கள். வரைந்தவர் பெயரைப் போடவில்லை. அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் பழைய சிறுவர் புத்தகக் கண்காட்சி நடந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய படங்களேதான்! கீழே ஓர் அட்டை: ‘ஓவியர் பெயர் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டி நிற்பது அக்காலத்து அடக்கத்தைக் காட்டுகிறது.’

“அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு அப்ப விரல் வரைய வராது. அதான் எல்லார் கையையும் பின்னால ஒளிச்சு வச்சேன்” என்றார் சின்னம்மா, கூடமே திரும்பிப் பார்க்க.

கண்காட்சிப் பொறுப்பாளர் மிதுனன் ஓடி வந்தார். தன்மையான மனிதர், அதனால் அவரிடம் கத்தவும் முடியவில்லை. “சாரி ஆன்ட்டி. ஏதாவது ப்ரூஃப் இருந்தா உங்க பேரைப் போட்டுடலாம்.”

ப்ரூஃபுக்கு எங்கே போவது? அச்சகம் மூடி எத்தனையோ வருடமாகிறது. சின்னம்மா காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கினார். புத்தகத்தில் வரும் அதே இரட்டைச் சடைச் சிறுமியைப் பத்தே நிமிடத்தில் வரைந்தார். அதே வட்டக் கண், அதே புருவம். ஆனால் இவள் இரண்டு கையாலும் ஒரு மாம்பழத்தை ஏந்தியிருந்தாள். ஒவ்வொரு விரலும் அத்தனை அழகு. ஓய்வுபெற்ற பிறகு சமூக மன்றத்து ஓவிய வகுப்பில் ஆறு வருடம் விரல்களையே வரைந்து பழகியவர் அல்லவா!

மிதுனன் தாளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “சூப்பரா வரையிறீங்க ஆன்ட்டி. ஆனா ஸ்டைல் வேற லா. அவங்க கையே வரைய மாட்டாங்களே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னாங்க!” என்றேன்.

சின்னம்மா ரப்பரை எடுத்து மாம்பழத்தை அழித்தார். பிறகு விரல்களை, ஒவ்வொன்றாக. சிறுமியின் கைகளைப் பின்னால் கட்டி வைத்தார்.

“ஆ, இப்ப அப்படியே இருக்கு! பேரைப் போட்டுடலாம் ஆன்ட்டி” என்றார் மிதுனன், முகமெல்லாம் சிரிப்பாக.

சின்னம்மா தன் பெயரை எழுதிக் கொடுத்தார். மேசையில் கிடந்த ரப்பர் தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அறுபத்தஞ்சு வயசுக்கு மேல வந்த விரல்டி இது” என்றார்.