சட்டிக்காரியின் மாதிரி வீடு

அவளுக்குச் சட்டிக்காரி என்று பேர் வைத்தவர் கொத்தனார். கூரைக்குக் கான்கிரீட் ஊற்றும் முன், கம்பிகளுக்கு நடுவே மண்சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைக்கச் சொன்ன எஞ்சினியரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

"என்னம்மா இது, வீடு கட்டுறோமா, சட்டிக்கடை போடுறோமா?" என்றார் அவர்.

"சட்டி இருக்கிற இடத்துல சிமெண்ட் மிச்சம்ணே. சட்டிக்குள்ள நிக்கிற காத்து வெயிலை உள்ள விடாது."

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு சட்டியையும் பிள்ளையைக் கிடத்துவது போலத்தான் வைத்தார். அந்தக் கைக்கு அலட்சியம் தெரியாது.

பட்டறைத் தொழிலாளர் சங்கம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வீடுகள் கட்டப் போகிறது. தகரக் கூரை போட்டால் சீக்கிரம் முடியும் என்பது சங்கத் தலைவரின் வாதம். சட்டிக்காரி ஒத்துக்கொள்ளவே இல்லை. தகரத்தின் கீழ் வெந்து வளர்ந்தவள் அவள். அவளுடைய அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, பகலில் கண் மூடுவதில்லை.

"சரி, ஒரு வீடு கட்டிக் காட்டு. உச்சிவெயில்ல ஃபேன் இல்லாம உக்காந்து பாப்போம். வேர்த்துச்சுன்னா எல்லாருக்கும் தகரந்தான்" என்று தலைவர் முன்பே முடித்துவிட்டிருந்தார். அந்த ஒரு வீட்டின் கூரைதான் இது.

அந்த நாளும் வந்தது. தலைவர் வந்தார், நாலைந்து பேர் கூட வந்தார்கள், அக்காவும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரந்தான். தலைவர் கழுத்தைத் துடைத்தார். குழந்தை வீறிட்டது.

"சட்டி அடுப்புல ஏறிடுச்சு போலிருக்கே" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சட்டிக்காரி எழுந்தாள். சுவரைத் தொட்டாள், குளுமை. கூரையும் சுடவில்லை. பிறகு எங்கே கோளாறு? பஞ்சைத் திரித்துக் கொளுத்தி, ஊதி அணைத்தாள். புகை நேராக மேலே போய்க் கூரையில் முட்டி, வழி தெரியாமல் அங்கேயே நின்றது. அவளும் அண்ணாந்து பார்த்தாள். பின்சுவரின் உச்சியில் வரிசையாக விடச் சொன்ன துளைகள் ஒன்றையும் காணோம். சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"அண்ணே, மேல இருந்த ஓட்டை எல்லாம் எங்க?"

கொத்தனார் மீசையைத் தடவிக்கொண்டார். "சாரம் கட்டின ஓட்டைதானே? நேத்து நீ சூளைக்குப் போனியே, அப்ப நானே ஏறி அடைச்சேன். ஓட்டையோட வீட்டக் குடுத்தா என் பேரு என்னத்துக்கு ஆவும்?"

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அது சார ஓட்டை இல்லண்ணே. சூடு வெளிய போற வாசல்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏணியைச் சாய்த்து, உளியோடு ஏறினார். ஈரம் காயாத கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு துளையாக வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

இப்போது பாருங்கள், கூரையில் முட்டிக்கொண்டு நின்ற புகை மெல்ல அசைந்தது. யாரோ கூப்பிட்டது போலத் திரும்பியது. அறையின் குறுக்கே நிதானமாக நடந்து, துளை வழியே வெளியேறியது. அதன் பின்னாலேயே, வேம்பின் நிழலில் இருந்த முன் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஃபேன் இல்லை, கரண்ட் இல்லை, தள்ளிவிட ஆளும் இல்லை. செங்கல்லும் சட்டியும் நாலு ஓட்டையும் சேர்ந்து மூச்சு விட்டன. சிரித்த வாயெல்லாம் திறந்தபடி நின்றது.

குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி பிரிந்து ஆடியது. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

தலைவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்க மனசில்லாமல் வைத்தபடியே, "எல்லா வீட்டுக்கும் சட்டி சொல்லிடும்மா" என்றார்.

ஏணி மேலிருந்து கொத்தனார் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "டேய், இனிமே எவனாவது இந்த ஓட்டைல கலவை வச்சீங்க..."

"மெல்லப் பேசுங்கண்ணே" என்றாள் அக்கா. "தூங்குது."