மலைக்கு முதுகு காட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ விமான நிலையத்துக்கு எப்போதாவது பழைய ஜெட் விமானங்கள் வந்து, தாழப் பறந்து காட்டிவிட்டுப் போகும். ஓய்வு கொடுக்கும் வயதை எட்டியவை. ஆனாலும் சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. எனக்கு அவற்றின் மேல் பைத்தியம். துணி ஃபேக்டரிச் சம்பளத்தில் ஒரு பழைய கேமரா வாங்கியதே அதற்காகத்தான்.

முதல் இரண்டு பிலிம் ரோலிலும் வெறும் வானம்தான் விழுந்தது. புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டில் அண்ணன் அந்தப் படங்களைச் சீட்டுக்கட்டு போல விரித்து வைத்துச் சிரித்தார்.

"ஜெட்டு எங்க லா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது? அடுத்த ரோலும் இப்படியே வந்தா கேமராவ எங்கிட்டக் குடுத்துடு. நான் கோயில் திருவிழாவாவது எடுப்பேன்."

அம்மாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் தப்பு எங்கே என்று அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்தது.

சத்தம் கேட்டதும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு நானும் விமான நிலைய வேலிக்கு அப்பால் தெரியும் சுண்ணாம்பு மலையைப் பார்த்திருந்தேன். விமானமோ எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, தலைக்கு மேல் போய்விட்டது. மலை சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது. நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்திலும் அப்படித்தான். வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி ஆபீஸ் வாசலில் அடிக்கும். எதிரே இருந்த மலைதான் கூப்பிடுவது போலக் கேட்கும். அதற்காக யாரும் மலையடிவாரத்துக்குப் போய் நின்றதில்லை.

மூன்றாவது ரோலோடு போன அன்று அண்ணனும் கூட வந்தார். நான் கூட்டத்துக்கு முன்னால் போய், வேலியில் முதுகைச் சாய்த்து, எல்லார் முகத்தையும் பார்த்தபடி நின்றேன். சத்தம் எழுந்தது.

"அங்க பாரு! மலைப் பக்கம் லா! திரும்பு!" என்று அண்ணன் கத்தினார்.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். அன்று ஒத்துப்போயிருந்தால் கேமரா போயிருக்கும். நான் அசையவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், மரங்களுக்கு மேல் விமானத்தின் மூக்கு தெரிந்தது. அது நெருங்கும்வரை பொறுத்திருந்து அழுத்தினேன்.

ஸ்டூடியோவில் கழுவி வந்த படத்தை மேசைமேல் வைத்தேன். ஜெட் இறக்கையோடு முழுசாக விழுந்திருந்தது. அதன் அடியில் ஊரே வாயைப் பிளந்துகொண்டு வேறெங்கோ பார்த்தது. நடுவில் அண்ணன், தலைக்கு நேர்மேலே விமானம் இருக்க, கையை நீட்டி மலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. அண்ணன் படத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"சரி, கேமராவ நீயே வச்சிக்க" என்றார், பெரிய மனதோடு.

"அது எப்பண்ணே ஒங்களோடதா இருந்துச்சு?" என்றேன்.