கொண்டை போடாத அக்கா

அன்றைக்கு அந்தப் பின்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சக்கர நாற்காலியில் என் அக்கா. அவளுக்குப் பின்னால், கையில் கத்தரிக்கோலோடு ஒரு சீனப் பெண்மணி. மாதம் ஒரு முறை அந்த முதியோர் இல்லத்துக்கு வந்து எல்லாருக்கும் முடி வெட்டிவிட்டுப் போகிறவர். சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு, இல்லத்தை நடத்தும் மேடம். பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் பக்கத்துக் கட்டில்காரம்மா. அவருக்கு அப்போதுதான் வெட்டி முடித்திருந்தார்கள், கழுத்தெல்லாம் நரைமுடித் துணுக்கு. ஐந்தாவது ஆள் நான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவள். அண்ணன் இல்லை. முன்பெல்லாம் கட்டணம் கட்டவாவது வருவார். இப்போது அதையும் போனிலேயே கட்டிவிடுகிறார்.

நான் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்க வேண்டும். செனாவாங்கிலிருந்து, இல்லம் இருக்கும் சி ரூசாவுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறவள் நான். அன்று பாதி வழியில், அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. எப்போதும் அணைத்துத்தான் இருக்கும்.

என் அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் முடி என்பது அதைப் பொறுத்த விஷயம். ஒரு பெண்ணின் தலையைப் பின்னாலிருந்து பார்த்தாலே அவள் கதையில் பாதி தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. வயதுக்கு வந்துவிட்டால் ஒற்றைச் சடை. கழுத்தில் தாலி ஏறியதும் கொண்டை. அதற்குப் பிறகு கொண்டை மட்டும் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஓர் எலுமிச்சம்பழ அளவில் நிற்கும். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறிப் பார்த்ததும் இல்லை.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அம்மா பால் வெட்டிய ரப்பர் மரங்களை அதன் பிறகு அக்கா வெட்டினாள். விடியுமுன், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். மண்டோர் அங்கே ஆள் கணக்கெடுத்துக்கொண்டு நிற்பார். அதற்கு முன் எனக்குத் தலை வாரிவிட்டுத்தான் போவாள். இருட்டில் இறுக்கிப் பின்னுவாள். என் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். நான் இடைநிலைப் பள்ளிக்கு ஒரு வருஷம்தான் போனேன். பஸ்ஸில் தனியாகப் போகப் பயம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். நின்றுவிட்டேன். அண்ணன் திட்டினார். அக்கா திட்டவில்லை. “பயந்துக்கிட்டே படிச்சு என்ன ஏறப்போவுது,” என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் வளரட்டும் என்றாள். நான் வளர்ந்தேன், அதற்குள் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். மரத்துக்குப் போகும்போது சடையைச் சுருட்டித் துணிக்குள் வைத்துக் கட்டுவாள், பால் தெறித்தால் முடி ஒட்டிக்கொள்ளும் என்று. மத்தியானம் குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் ஒற்றைச் சடை, இடுப்புக்குக் கீழே. இருபது வயதில் அது அழகாக இருந்தது. முப்பதில் பார்த்தவர்கள் ‘பாவம்’ என்றார்கள். நாற்பதைத் தாண்டியதும் சிரித்தார்கள்.

அண்ணன் மகளின் நிச்சயத்தன்று அண்ணி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணிக்குச் சிரம்பானில் ஒரு சலூன் வழக்கம்; சாயம் பூசி, நேராக்கி, தோள்வரை வெட்டியிருந்தார்.

“அக்கா, இந்த வயசுல சடை போட்டுக்கிட்டு நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? இன்னைக்கு மட்டும் கொண்டையா போட்டுக்குங்களேன்.”

“போட்டுக்கலாம். கொண்டையப் பாத்தா வீட்டுக்காரர் எங்கேன்னு கேப்பாங்க. நீ போயி ஒருத்தரக் கூட்டியாந்து நிறுத்துறியா?”

அண்ணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா சடையோடுதான் தட்டு தூக்கினாள்.

என் முடியை நான் வெட்டியது என் வீட்டுக்காரர் இறந்த வருஷம். பூ வைக்காத தலைக்கு இவ்வளவு எதற்கு என்று ஒரு நாள் தோன்றியது. நான் அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையில் தொப்பிக்குள் வேர்த்து அரிக்கவும் செய்தது. கழுத்தோடு வெட்டிக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன். அவள் என்னைத் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“அவன் போனா, தலைமுடியுமா கூடப் போவணும்?” என்றாள். அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்போது எனக்கு அது கோபமாகத்தான் இருந்தது. அவளுடைய சடை யாருக்காகவும் வைத்ததில்லை என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

பிறகு அவளுக்கு இனிப்பு நீர் வியாதி வந்தது. காலில் வந்த புண் ஆறாமல், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. நான் வேலைக்குப் போனால் பார்க்க ஆளும் இல்லை. அண்ணன் வீட்டில் இடம் இருக்கிறது, அண்ணிக்கு இடுப்புவலியும் இருக்கிறது. அப்படித்தான் அக்கா கடலோர ரோட்டிலிருக்கும் அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மேடம் சிலோன்காரர், ஓய்வுபெற்ற தாதி. நல்ல மனுஷிதான். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“இங்க எல்லாருக்கும் கட்டை முடிதான் பிள்ளை. குளிக்க வார்க்கிறது ரெண்டே பேர். ஒவ்வொருத்தருக்கும் தலை காயவைச்சுப் பின்னிக்கொண்டிருந்தா, மற்றவைக்கு ஆர் சோறு குடுக்கிறது?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அக்கா கூடத்தைப் பார்த்தாள். வரிசையாகக் கட்டில்கள், எல்லாத் தலையும் ஒரே மாதிரி. “இதுல பொம்பள யாரு, ஆம்பள யாருடி?” என்று என் காதில் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை.

கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க வாய் வராதவள் நான். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “முடிக்குத் தனியா காசு கொடுக்கிறேன் மேடம். வெட்டாதீங்க,” என்றேன். மேடம் யோசித்தார். தலைக்கு ஊற்றி, காயவைத்து, தினமும் பின்னிவிடும் பெண்ணுக்குக் கூலியாக மாதம் ஐம்பது வெள்ளி என்றார். வெளியே காருக்கு வந்ததும், கூட வந்திருந்த அண்ணன் சத்தம் போட்டார்.

“முடிக்கு அம்பது வெள்ளியா? கால் போயிருச்சு, இன்னும் சடை கேக்குதா? நான் கட்ட மாட்டேன் லா.”

“நான் கட்டுறேண்ணே.”

“நீ? மொத உன் மோட்டாருக்கு ரோடு டேக்ஸ் கட்டு.”

முடிக்காசைக் கட்டினேன். ஒவ்வொரு சம்பளத்திலும் முதலில் அந்த ஐம்பதை மடித்து வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிடுவேன். அவள் பின்னால் நிற்கும்போது அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் எனக்குப் பேச வரும். ஜோகூரில் இருக்கும் என் மகன் போன் எடுக்காதது, மார்பில் ஏதோ கட்டி மாதிரி தட்டுப்பட்டு அது ஒன்றும் இல்லை என்று ஆனது, வாடகை ஏறப்போவது, எல்லாவற்றையும் அந்தப் பின்னந்தலைக்குத்தான் சொல்லியிருக்கிறேன். “ம்” என்பாள். சில சமயம், “இழுக்காதடி,” என்பாள். அவ்வளவுதான். திரும்பி மோட்டார் ஓட்டும்போது நெஞ்சு லேசாக இருக்கும்.

தொழிற்சாலையை விட்ட பிறகு நான் ஒரு கேன்டீனில் சமையல்கட்டு வேலை செய்கிறேன். அங்கே இரவு ஷிப்ட்டை நிறுத்தினார்கள். என் சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஒரு மாதம் முடிக்காசு கட்ட முடியவில்லை. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் முடியவில்லை. மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் போய் நிற்கும்போது சடை இருக்காது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையில் மேடம் சர்ச்சுக்குப் போவார். அந்த நேரமாகப் பார்த்துப் போய், அவர் கார் திரும்புவதற்குள் வாரிப் பின்னிவிட்டுக் கிளம்பிவிடுவேன். மூன்றாவது மாதமும் அப்படியே போனது.

அன்று அடுப்பு பார்க்கத் திரும்பியதில் நேரமாகிவிட்டது. மேடம் வந்துவிட்டிருந்தார். உள்ளே நுழைந்தால், அக்காவின் சடை அவிழ்ந்து தோளில் கிடக்கிறது, கழுத்தைச் சுற்றித் துணி, பின்னால் கத்தரிக்கோல்.

“வேணாம், நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன்.

அக்கா திரும்பக்கூட இல்லை. “வந்துட்டியா? மொதல்ல ஹெல்மெட்டக் கழட்டு. கொள்ளையடிக்க வந்தவ மாதிரி நிக்கிற.”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. காசு பற்றி ஒரு வார்த்தை வாயெடுக்கேல்லை. உங்கட அக்காதான் காலமையே கேட்டவா, இண்டைக்கு எனக்கும் வெட்டச் சொல்லுங்கோ எண்டு.”

“அவங்க ஒண்ணும் சொல்லல,” என்றாள் அக்கா. “மேடம் சர்ச்சுக்குப் போற நேரமா பாத்துப் பாத்து வர்றியே, நான் என்ன கண்ணு தெரியாதவளா? கால்தான்டி போச்சு.”

“அடுத்த சம்பளத்துல சேத்துக் கட்டிடுவேங்க்கா.”

“போன மாசமும் உன் மூஞ்சி அதான் சொல்லுச்சு.”

பக்கத்துக் கட்டில்காரம்மா சமாதானம் செய்ய வந்தார். “வெட்டிக்கட்டும் லா. காத்து நல்லா வரும்.”

“எனக்கு வேர்க்கவே இல்லம்மா,” என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்காக ஒண்ணும் நீ வெட்டிக்க வேணாம்.”

“உனக்காக யாரு வெட்டுறா? வாரம் வாரம் திருடி மாதிரி வந்துட்டுப் போற. அதப் பாக்க முடியல எனக்கு. எனக்காகத்தான் வெட்டுறேன்.” பிறகு, “வா, பின்னிவிடு. விரிச்ச தலையோட வெட்டக்கூடாது. எழவு வீடு மாதிரி இருக்கு,” என்றாள்.

பின்னினேன். ஒரு காலத்தில் என் இரண்டு கைக்கும் அடங்காத முடி. இப்போது என் சுண்டுவிரல் கனம், நுனியில் அதுவும் இல்லை, முழுக்க வெள்ளை. முடிந்தவரை மெதுவாகப் பின்னினேன். அந்தச் சீனப் பெண்மணி அவசரப்படுத்தாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேலேயும் கீழேயும் நான் ரப்பர் பேண்ட் போட்டு முடித்ததும், “மானா மாவ் போத்தோங்?” என்று மெதுவாகக் கேட்டார், எந்த இடத்தில் வெட்டட்டும் என்று. அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஒரே வெட்டில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கத்தரிக்கோல் மென்று மென்றுதான் அறுத்தது. சடை கையோடு வந்ததும் அக்காவின் பின்கழுத்து தெரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் பின்னியிருக்கிறேன், ஆனாலும் அந்த இடத்தை அப்படிப் பார்த்ததில்லை. முகமும் கையும் வெயிலில் கறுத்துப்போன என் அக்காவுக்கு, வெயிலே படாத கழுத்து அது. பச்சைப்பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது.

கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்பா மாதிரி இல்ல?”

பக்கத்துக் கட்டில்காரம்மாதான், “இங்க எல்லாருமே அவங்கவங்க அப்பா மாதிரிதான் இருக்கோம்,” என்றார். அக்கா சிரித்தாள். சிரித்து முடித்து, அந்தக் கொளுத்துகிற மத்தியானத்தில், “கழுத்துல குளிருதுடி, ஒரு துண்டு குடு,” என்றாள்.

சடையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வெட்டிய முடியை வீட்டில் வைக்கக்கூடாது என்பார்கள். குப்பையில் போடவும் மனம் வரவில்லை. ரோட்டைத் தாண்டினால் கடல். அதில் விட்டுவிடலாம் என்று இறங்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒரு பிள்ளையின் காலில் அது சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்து, திரும்பி வந்துவிட்டேன். இன்னும் மோட்டார் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மழை பெய்தால் நனைந்திருக்குமோ என்று பயம்.

இப்போதும் ஞாயிறு போகிறேன். பின்னால் நிற்க வேலை இல்லை. முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறேன். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். சாப்பிட்டியா என்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன். மகனைப் பற்றி ஆரம்பிக்க நினைத்து, வாயை மூடிக்கொள்கிறேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்பு மேடத்துக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பினேன். இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். “வேலை இருந்தா வராதடி,” என்று அவளே சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

சம்பளம் வந்ததும் மேடத்திடம் ஐம்பது வெள்ளியை நீட்டினேன். “விடுங்கோ பிள்ளை, அதுதான் முடி இல்லையே,” என்றார். கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“விடச் சொல்லாதீங்க மேடம். அவ கட்டட்டும். அந்த மூணு மாசமும் என் தலையில சடை இருந்துச்சு.”

மேடம் வாங்கிக்கொண்டார். இன்னும் நூறு வெள்ளி பாக்கி.