பெட்டி காய்ந்த மைதானம்

கடம்பூர் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்த எங்கள் அம்மா, மணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தது முதல் கண்மூடும்வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார். வாசலுக்கு எதிரே ஊரின் பெரிய மைதானம். இந்த முதலாண்டு நினைவு நாளில் அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மைதானத்தை விட்டுவிட்டு எழுத வரவில்லை.

அம்மா வந்த புதிதில் அது பருத்தி வண்டிகளை அவிழ்த்துப் போடும் பொட்டல். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும். பிறகு ஹாக்கி ஆடும் இளைஞர்கள் சரளை கொட்டி நிரவினார்கள். மில் வேலையிலிருந்த அப்பா இளவயதில் மறைந்தபின், அம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களை வளர்த்தார். ஒட்டிய ஈரப் பெட்டிகளை எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சரளைத் தரையில்தான் காயப் போடுவார்கள்.

சண்டை வராமல் இருக்குமா? ஒரு நாள் பந்து வந்து பெட்டிகளைச் சிதறடித்தது. அம்மா பந்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"யக்கா, பந்தைக் குடுங்க. ஆட்டம் நிக்குது."

"எனக்கு அடுப்பு நிக்குதுலே. அம்புட்டையும் பரப்பி வச்சிட்டு வாங்கிக்கோ."

பரப்பினார்கள், எல்லாம் கவிழ்ந்த வாக்கில். அம்மா சிரித்துவிட்டார். அன்று முதல் வெயில் தாழும்வரை பெட்டி, அதற்குமேல் பந்து. ஆட்டம் நடக்கையில் அம்மா கடைக்குப் போனாலும் ஓரமாகச் சுற்றியே போவார்.

எண்பதுகளில் அங்கே கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு எழுந்தது. அளக்க ஆள் வந்த காலையில் இளைஞர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா தெருப் பெண்களைக் கூட்டி, மைதானம் முழுவதும் பெட்டிகளைப் பரப்பிவிட்டார். பெட்டியை மிதிக்க எங்கள் ஊரில் யாருக்கும் கால் வராது. அளவுச் சங்கிலியோடு வந்தவர் ஓரத்திலேயே நின்றார்.

"கொஞ்சம் ஒதுக்குங்கக்கா."

"காஞ்சதும் ஒதுக்குதேன், அண்ணாச்சி. நிழல்ல நில்லுங்க, மோர் தாரேன்."

"எப்பம் காயும்?"

"அதை வெயில்கிட்டதான் கேக்கணும்."

அவர் மோரைக் குடித்தார். "எங்கம்மாவும் பெட்டிதான் ஒட்டுதாவ" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டினார். மாலையில் விளையாட்டுக்காரர்கள் திரண்டார்கள். பிறகு ஊரே பேசியது. கடைகள் வேறிடம் போயின.

கடைசி நாட்களில் அம்மாவின் கட்டிலைச் சன்னல் ஓரம் போட்டிருந்தோம். மட்டைச் சத்தம் கேட்காத மாலைகளில், "மழையா?" என்று கேட்பார்.

இறுதி ஊர்வலத்தன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்த இளைஞர்கள், "குறுக்க கொண்டு போங்க அண்ணாச்சி. இன்னைக்காவது ஆச்சி நடுவுல போகட்டும்" என்றார்கள். அந்த அன்புக்குத் தலைவணங்குகிறோம். ஆனாலும் அம்மா போகும் வழியிலேயே கொண்டுபோனோம். நோயில் உடனிருந்த அண்டைவீட்டாருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும், மட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுற்றுவழி முழுவதும் எங்களோடு நடந்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.