விசில் வரணும்ல

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்று டிப்போவில் எழுதி அனுப்பிவிட்டார்கள். பஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி முடித்த பிறகும் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம். பின்னாலிருந்து யாராவது "போலாம் சார்" என்று கத்தினால்தான் எடுக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டர் கையெழுத்து வராவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. பஸ் கழுவத்தான் போக வேண்டும்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுக்களையில் நான் முணுமுணுப்பதெல்லாம் அந்த மனுஷனுக்குக் கேட்கும். அவரைப் பற்றியது என்றால் இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் சில மாதமாகவே ஆள் ஒரு மாதிரிதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார், தூங்குவதும் இல்லை. என்ன ஏது என்று கேட்டால் "தெரியலடி" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றுவிடாமல் அமுக்கினார். பிரஷர், சர்க்கரை, கண் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டாப்ல எதுக்காக உட்கார்ந்திருக்கீங்க?"

"தெரியலம்மா."

"யாராவது வரணுமா?"

இவர் "விசில் வரணும்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எட்டு மாதத்துக்கு முன்பு கண்டக்டர்களை எடுத்துவிட்டுக் கதவருகே டிக்கெட் மிஷினை வைத்தார்கள். அதுவரை கண்டக்டர் ஊதும் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. அத்தனை வருடமும் இவருக்கு ஒரே கண்டக்டர்தான். என்னோடு குடும்பம் நடத்தியதைவிட அந்த ஆளோடு நடத்தியதுதான் அதிகம். நாளெல்லாம் வாயடிப்பார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அந்தக் கண்டக்டரை ஏதோ தூரத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது எட்டு மணி நேரமும் இவரோடு பேச ஒருவரும் இல்லை. இதைப் போய் வியாதி என்று யார் நினைப்பார்கள்? எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேல் வந்தது.

"உடம்புல ஒண்ணுமில்ல. அதுக்காக நல்லா இருக்கீங்கன்னு எப்படி எழுதுறது?" என்றார் டாக்டரம்மா. படிவத்தில் காதுக்கு ஒரு கட்டம், கண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. இதற்குக் கட்டம் இல்லை. "முதல்ல அந்தக் கண்டக்டருக்கு போன் பண்ணிப் பேசுங்க. நாளைக்கு வாங்க, யோசிச்சு எழுதறேன்."

"மாத்திரை ஒண்ணும் இல்லையாம்மா?" என்று இவர் பாவமாகக் கேட்டார்.

திரும்பும்போது வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறினோம். இரண்டாவது நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாயிற்று. கதவும் மூடியாயிற்று. வண்டி நகரவில்லை. ஜனங்கள் முனகத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தார். வண்டி சட்டென்று கிளம்பியது.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எங்களிடம் வந்தார். இவரைவிட இளையவர், அதே டிப்போ. என் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலையே பார்த்தார்.

"காதாண்ணே?"

"காது நல்லாத்தான் இருக்காம்."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் நாளைக்குக் காது டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"நானும் வரேன். சேர்ந்தே போவோம்" என்றார் இவர்.