அப்பா நட்ட வெருளி

அடைகிடக்கும் பேட்டுக்குக் காவல் நிற்கும் ஆண் வாத்து சீறினால், அடுப்பில் மறந்துபோன பிரஷர் குக்கர் மூடியைத் தள்ளப் பார்ப்பதுபோல ஒரு சத்தம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால், பெரிய மின்கம்பங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு சதுப்பு இருந்தது. பனி கரைந்து சேறு மணக்கத் தொடங்கியதும் அங்கே ஒரு சோடி காட்டு வாத்துகள் வந்திறங்கின. போன வருடத்துச் சம்பம்புல்லை வளைத்து மேடாக்கி, தன் நெஞ்சுத் தூவியையே பிடுங்கி மெத்தை போட்டு, பெண் வாத்து முட்டையிட்டு உட்கார்ந்துவிட்டது. அப்பா அதைப் "பெரிய தாரா" என்பார். ஊரில் எங்களுக்கு வீட்டில் வளர்க்கும் வாத்தான தாராதானே தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. வரவு பார்க்கும் ஆசிரியையைத் தவிர, நான் வகுப்பில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நான் ஒருநாள் எழுந்து நின்று, தெரிந்த நாலு இங்கிலீசுச் சொற்களையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வாத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். குஞ்சு பொரித்ததும் வகுப்பே நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று ஆசிரியை அறிவித்தார். அன்றிலிருந்து என்னைச் சுற்றி ஒரே கூட்டம். பொரித்துவிட்டதா என்று கேட்காத பிள்ளை இல்லை. பொரிக்காமல் போனால் என் கதி என்ன?

கட்டடத்தில் இருந்த எங்கள் சனமோ தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பல்கனிகளில் நின்று பார்த்தது. "என்ன வடிவாய் இருக்குது பாருங்கோ" என்று அன்ரிமார் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் கறுத்தது.

"இவ்வளவு சனம் பாத்தால் நாவூறு படாதோ? ஒரு வெருளி வைச்சால்தான் சரி."

வெருளி என்பது ஊரில் தோட்டத்திலும், கட்டி முடியாத வீட்டின் முன்பும் கண்ணேறு படாமல் நிறுத்தும் பொம்மை. அப்பா வீடு கூட்டும் தும்புத்தடியில் தன் பழைய வின்ரர் ஜக்கற்றை மாட்டி, ஐஸ்கிரீம் வாளியைத் தலையாக்கி, அதில் என்னைக்கொண்டு மீசையும் பல்லும் கீறுவித்து, மாலையில் கூட்டுக்கு எதிரே நட்டுவிட்டு வந்தார்.

"உந்த மனுசனுக்கு வேற வேலை இல்லை" என்றார் அம்மா.

ஊர்க்கண்ணுக்கு வைத்த வெருளியைக் கண்டு வெருண்டது வாத்துதான். விடிந்து பார்த்தால் கூட்டில் அதைக் காணோம். தண்ணீருக்கு அப்பால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிட்ட வருவதாக இல்லை. முட்டைகள் குளிர்காற்றில் திறந்து கிடந்தன. நான் வீரிட்டு அழுதேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினார். வெருளியைப் பிடுங்கியதுதான் தாமதம், ஆண் வாத்து பறந்து வந்து சிறகால் அறைந்தது. அப்பாவும் வெருளியும் கட்டிப் பிடித்தபடி சேற்றில் விழுந்தார்கள். எது ஆள், எது பொம்மை என்று அதற்கு விளங்கவில்லை; பாகுபாடு பார்க்காமல் இரண்டு பேருக்கும் கொடுத்தது.

"அண்ணை, விட்டிட்டு ஓடுங்கோ!" என்று மூன்றாம் மாடி அன்ரி கத்தினார், சிரிப்பை அடக்க முடியாமல். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அப்பா அன்று சுகமில்லை என்று போன் செய்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. "சிக் அடிச்சிட்டன்" என்று சொல்லிவிட்டு, கைக்கு எண்ணெய் பூசியபடி பல்கனியிலேயே இருந்தார். வெயில் ஏறிய பிறகு பெண் வாத்து தயங்கித் தயங்கி வந்து, முட்டைகளை அலகால் உருட்டிப் பார்த்து, மேலே அமர்ந்தது. அப்பாவின் முகம் அப்போதும் தெளியவில்லை.

"குளிர் பட்டுக் கூழ்முட்டையாப் போச்சோ தெரியேல்லை, பிள்ளை."

அதன்பிறகு பள்ளிக்கூடம் போவதே எனக்குத் தண்டனையாகிவிட்டது.

மே மாதத்தில் ஒரு காலை அப்பா என் போர்வையை உருவினார். "எழும்பு பிள்ளை, பொரிச்சிட்டுது!" தாயின் சிறகுக்குள்ளிருந்து மஞ்சள் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஒரேயொரு முட்டைதான் அசையாமல் கிடந்தது. சந்தோசத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைகூட வாரி இழுக்காமல் பள்ளிக்கு ஓடினேன். குஞ்சுகள் கூட்டில் அதிக நேரம் தங்கமாட்டா என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. அன்று முற்பகலே வகுப்பு இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வந்து சேர்ந்தது.

அப்பா மடிப்புக் கலையாத சேட்டோடு நின்று, பிள்ளைகள் கிட்டப் போகாதபடி கைகளை விரித்து மறித்தார். தாய் முன்னால், தகப்பன் பின்னால், நடுவில் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கின. பிறகு அப்பா சேட்டுக் கையைச் சுருட்டி, வாத்து அடித்து இன்னும் நீலம் மாறாத இடத்தைக் காட்டினார். குஞ்சுகளை விட்டுவிட்டு அதைப் பார்க்க வரிசை நின்றது. அதற்குள் அம்மா தட்டு நிறையப் பிஸ்கற்றும் ஜூசுமாக இறங்கி வந்துவிட்டார். "வந்த பிள்ளையளை வெறும் வாயோட அனுப்பிறதோ?"

இன்று அந்தச் சதுப்பு இல்லை. மண் போட்டு நிரவி வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். வாத்துகளுக்கு மட்டும் குறைவில்லை. இப்போது பிக்கரிங்கில் இருக்கும் அப்பாவின் வீட்டுப் புல்தரையை அசிங்கப்படுத்தி, அவரிடம் தினமும் ஏச்சு வாங்குகின்றன. வெக்ஸ்போர்ட் பக்கம் போனால் என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தும். அண்மையில் ஒருநாள் பக்கத்தில் இருந்த மகள், வரிசையாகத் தெரிந்த கராஜ் கதவுகளைப் பார்த்துவிட்டு, "வை ஆர் வி ஸ்டொப்பிங், அம்மா?" என்று கேட்டாள்.

"எங்களைப் பாக்கவெண்டு இந்த நாட்டில முதல்முதல் ஆக்கள் வந்தது உந்த இடத்துக்குத்தான்" என்றேன்.