எங்கள் அண்ணனும் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களும்

சிவன்மலை ஆண்டவர் துணை என்று எழுதிவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். இதையும் அப்படியே தொடங்குகிறேன். எங்கள் அண்ணன் ஆண்டவன் திருவடி சேர்ந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நான் எட்டாவது வரை படித்தவன். "கூட இருந்தது நீங்கதானேப்பா, நீங்களே எழுதுங்க" என்று மகள் சென்னையிலிருந்து சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பொங்கலூர்ப் பக்கம். எங்கள் ஐயன், அதாவது அப்பா, காலமாகி, கிணறும் வறண்டபின், பதினேழு வயதில் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார். நிட்டிங் மெஷின் பிட்டர் ஆனார். வட்டமாகச் சுற்றும் அந்த மெஷினில் ஒரு ஊசி வளைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். அண்ணன் கோட்டைப் பார்த்தே ஊசியைக் கண்டுபிடித்துவிடுவார். "ஊசி இருக்கற எடத்துல கை பாரமா இருக்கக் கூடாது" என்பார். என்னை அழைத்துவந்து கட்டிங் வேலையில் சேர்த்ததும், கல்யாணம் செய்துவைத்ததும் அவரே. தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மெஷினப் பாக்கவே ஷிப்ட் பத்துறதில்ல, இதுல அது வேறயா?" என்று சிரிப்பார். நல்லூர் வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அஸ்திவாரத்திலிருந்து உழைத்தது அவர். என் மனைவி போய்ச் சேர்ந்து, மகளையும் கட்டிக் கொடுத்தபின் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை ரெக்கார்டு. கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டிவந்த ஒருவர் கேசட்டுக்கு மாறியபோது கொடுத்த பழைய பிளேயர் ஒன்று வெகுகாலம் இருந்தது. வேலையை விட்டு நின்றபின், கோயம்புத்தூர் போய்ப் புதியது ஒன்று வாங்கிவந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு நான் காபி கொடுத்து முடிப்பதற்குள் அவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆரம்பித்துவிடுவார்.

ஊசியைப் பிடித்திருக்கும் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். பழையதின் கை கனமான இரும்பு. ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்திருக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டில் ஊசி தாண்டினால் மேலே ஒரு நாலணாவை வைப்போம், உழுதுகொண்டு போய்விடும். பாட்டு முடிந்ததும் தானே எழுந்து தன் இடத்துக்குத் திரும்பும். புதியதின் கை பென்சிலைவிட மெலிந்தது. ஸ்பிரிங் கிடையாது. பின்னால் இருக்கும் உருளை எடையைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்தி, ஊசி எத்தனை கிராம் அழுத்த வேண்டுமோ அத்தனைக்குத் தராசு போல நிறுத்த வேண்டும். பாட்டு முடிந்தால் தானே எழாது. யாராவது போய்த் தூக்கி வைக்க வேண்டும்.

"பழைய கை நாம பண்ற தப்பைத் தாங்கும், ஆனா ரெக்கார்டத் தின்னுபோடும். புதுக்கை ரெக்கார்டக் காப்பாத்தும், நம்ம தப்பைத் தாங்காது." இதுதான் அவர் முடிவு.

அந்தத் தப்பை நான்தான் செய்தேன். ஆயுத பூஜை அன்று அவர் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் கத்தரிக்கோல், வண்டி, கிரைண்டர், பழைய பிளேயர் என்று வரிசையாகச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, புதிய பிளேயரின் கை நுனியிலும் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அவர் வந்து பார்த்தார்.

"ஏன்டா தம்பி, தராசு முள்ளு மேல ஆள ஏத்தி உக்கார வெச்ச மாதிரி என்ன பண்ணி வெச்சிருக்கற?"

"பொட்டு வெச்சாக் கெட்டுப்போயிருங்களா? பழசுக்கு வருசா வருசம் வெச்சனே?"

"அது எரும. இது சிட்டு."

"அப்ப உங்க சிட்டுக்குச் சாமி வேண்டாமுங்களா? சாமி இல்லாத பொருள் இந்த ஊட்டுல எதுக்குங்க?"

ஏதோ வாய்க்கு வந்தது. 'இந்த ஊட்டுல' என்ற சொல், பத்திரக்காரன் பேச்சாக அவரைத் தைத்தது முகத்தில் தெரிந்தது. பொரிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் மூன்று மாதம் சாப்பிட வருவார், "போதும்ப்பா" என்பார், போய்விடுவார். கதவுக்குள்ளிருந்து முருகன் பாட்டு மெதுவாகக் கேட்கும். பழையதில்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலன்று மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று சர்க்கரைப் பொங்கலோடு போய் நின்றேன்.

"இனிப்புத் தூக்கலா இருக்குது" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான். நான்காம் நாள் காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பியபின் அந்த அறைக்குள் போனேன். நான் வைத்த பொட்டு அப்படியே காய்ந்து இருந்தது. கோபத்தில் தொடாமலே விட்டிருக்கிறார் என்று மனம் நொந்தேன். செய்த தப்பை நானே சரிசெய்வோம் என்று ஈரத்துணியால் துடைத்து, ஆண்டவனை வேண்டிக்கொண்டு, அவருடைய முருகன் பாட்டு ரெக்கார்டை வைத்தேன். ஊசி நிற்கவில்லை. வழுக்கியது, தாண்டியது. போன பின்னும் என்மேல் கோபம் தீரவில்லையா என்று கேட்டு அழுதேன்.

மறுநாள், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அவருடைய நண்பரை அழைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"வாங்குன அன்னைக்கு நான்தானுங்க நிறுத்துக் குடுத்தேன். பென்சில்ல கோடு போட்டிருக்கறேன் பாருங்க. இப்ப வெயிட்டு கோட்ட உட்டுப் பின்னால போயிருக்குது. முன்னால பாரம் ஏறுனாத்தான் இப்படித் தள்ளோணும். நுனியில என்னங்க இருந்துது?"

"சந்தனப் பொட்டுங்க. நான் வெச்சது. நேத்துத்தான் தொடச்சேன்."

அவர் சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தொடைக்கறதுன்னா அண்ணனுக்கு ஒரு நிமிச வேலைங்க. தொடைக்காம, உங்க பொட்டுக்குத் தக்கன நிறுத்து வெச்சிருக்காரு. இதுலதானுங்க பாட்டுக் கேட்டிருக்காரு."

நான் அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கோட்டுக்கே திருப்பி வெச்சரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அவரு வெச்சபடியே இருக்கட்டும்."

சந்தனம் அரைத்துவந்து அதே இடத்தில் பொட்டு வைத்தேன். நண்பர் சின்னத் தராசில் ஊசியை இறக்கிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... போதுங்க" என்றார். பாட்டு தாண்டாமல் ஓடியது.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றி உடன் வந்த பக்கத்து வீட்டு ராமநாதபுரத்துக் குடும்பத்துக்கும், பதினாறு நாளும் சாப்பாடு கொண்டுவந்த பங்காளிகளுக்கும், கூலி வாங்காமல் போன அந்த நண்பருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். உங்கள் குடும்பங்களை ஆண்டவர் காக்கட்டும்.

இப்போது தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு அந்த ரெக்கார்டை வைக்கிறேன். பொட்டு காய்ந்து உதிர்ந்தால் மேலே கொஞ்சம் பூசுகிறேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை. பாட்டு முடிந்தபின்னும் ஊசி எழாது, ரெக்கார்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அண்ணன் எழுந்து வருவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே போய்த் தூக்கி வைக்கிறேன், கை பாரமாக இல்லாமல்.